விலை இல்லை, நிபந்தனை உண்டு

கேள்வி: சிங்கப்பூரின் ஈசூனில், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருந்தபடி நான்கு ஆண்டுகளாகத் திருமணம், காதணி விழா, நடன அரங்கேற்றம் ஆகியவற்றின் காணொளிகளைத் தொகுத்துக் கொடுத்து வருகிறேன். சென்ற ஆண்டு என் மேக்புக் பழுதாகிவிட்டது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் என் அக்காள் மகன், வயது 19, சிம் லிம் ஸ்குவேரில் உதிரிப்பாகங்கள் வாங்கி ஒரு கணினியைப் பூட்டி, அதில் ஆப்பிளின் மேக்ஓஎஸ் இயங்குதளம் ஓடும்படி செய்து கொடுத்தான். பாதி விலைக்கு இரண்டு மடங்கு வேகம். ஃபைனல் கட் ப்ரோ என்ற ஆப்பிளின் காணொளித் தொகுப்பு மென்பொருளை நான் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். இயங்குதளத்தை ஆப்பிளே இலவசமாகத் தருகிறது. ஆனாலும் என் கணவரின் நண்பர் ஒருவர், "இது திருட்டு, போலீஸ் வரும்" என்கிறார். இதற்கிடையில் எங்கள் கணினியைப் பார்த்த இருவர் தங்களுக்கும் அப்படியே வேண்டும் என்று கேட்டு, பையனிடம் ஆளுக்கு 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) முன்பணம் கொடுத்துவிட்டார்கள். இலவசமாகக் கொடுப்பதை எப்படித் திருட முடியும்? அவன் திறமையை நான் தட்டிக்கொடுப்பதா, தடுப்பதா? தூக்கம் வரவில்லை.
— ஒரு வாசகி, ஈசூன்

அறிவுசார் சொத்துத் துறை வழக்கறிஞரின் பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் தூக்கத்தைக் கெடுத்த சொல்லை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் திருடவில்லை. நம் தண்டனைச் சட்டத்தில் திருட்டு என்பது, ஒருவர் கைவசமுள்ள அசையும் பொருளை அவர் சம்மதம் இல்லாமல், நேர்மையற்ற எண்ணத்தோடு நகர்த்துவது. ஆப்பிளின் கைவசமிருந்து எந்தப் பொருளும் நகரவில்லை. ஆகவே அந்த நண்பர் சொன்ன சொல் தவறு. ஆனால் அவருக்குள் எழுந்த சந்தேகம் தவறல்ல. நீங்களும் உங்கள் அக்காள் மகனும் நிற்கும் இடம் வேறொரு சட்டத்தின் எல்லைக்குள் வருகிறது. இருவரில் யாருக்கு அபாயம் அதிகம் என்பதில் நீங்கள் நினைப்பது உண்மைக்கு நேர்மாறானது. அதைச் சொல்வதற்கு முன், "இலவசம்" என்ற சொல்லைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

இந்த இயங்குதளத்தின் 2007இல் வந்த லெப்பர்ட் பதிப்பை ஆப்பிள் அமெரிக்காவில் 129 டாலருக்கு விற்றது. 2009இல் ஸ்னோ லெப்பர்டின் விலை 29 டாலர். 2013 அக்டோபரில் வந்த மேவரிக்ஸ் முதல் காசே கேட்பதில்லை. விலை மறைந்துவிடவில்லை. அது கணினியின் விலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மேக் வாங்குபவர் இயங்குதளத்துக்கும் சேர்த்தே பணம் கட்டிவிடுகிறார் என்பதால்தான் அவரிடம் மறுபடி கேட்பதில்லை. உங்கள் தொழிலிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். திருமண மண்டபத்தை வாடகைக்கு எடுப்பவருக்கு மேடை விளக்குகள் இலவசம் என்று சொன்னால், அவற்றைக் கழற்றிக்கொண்டுபோய் வேறொரு மண்டபத்தில் மாட்டலாம் என்று நீங்கள் எடுத்துக்கொள்ள மாட்டீர்கள்.

உங்கள் அக்காள் மகன் உடனே மறுப்பான் என்று எனக்குத் தெரியும். விளக்கைக் கழற்றினால் மண்டபம் இருண்டுபோகும், நகல் எடுத்தால் ஆப்பிளுக்கு எதுவும் குறையவில்லையே என்பான். அவன் மறுப்பில் நியாயம் இருக்கிறது. அந்த வேறுபாட்டுக்காகத்தான் திருட்டுக்கான சட்டத்துக்கு வெளியே, பதிப்புரிமைச் சட்டம் என்று தனியாக ஒன்று இருக்கிறது. பொருளை எடுத்தீர்களா என்று அது கேட்பதில்லை. நகலெடுக்க உங்களுக்கு அனுமதி இருந்ததா என்று மட்டும்தான் கேட்கிறது.

அந்த அனுமதி எங்கே எழுதப்பட்டிருக்கிறது? மேக்ஓஎஸ் நிறுவும்போது ஒரு நீண்ட உரிம ஒப்பந்தம் திரையில் வந்து நிற்கும். எல்லோரும் படிக்காமல் "ஒப்புக்கொள்கிறேன்" என்ற பொத்தானை அழுத்தும் இடம் அது. சிங்கப்பூரில் மின்னணு வழியாக ஏற்படும் ஒப்பந்தமும் ஒப்பந்தமே. மின்னணு முறையில் செய்யப்பட்டது என்ற ஒரே காரணத்துக்காக அதைச் செல்லாதென்று தள்ள முடியாது என்று 2010ஆம் ஆண்டின் மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டம் சொல்கிறது. படிக்கவில்லை என்பதும் தப்பிக்கும் வழியல்ல. அந்த ஒப்பந்தத்தில் உங்களுக்கு வேண்டியவை மூன்று வரிகள். மென்பொருள் உங்களுக்கு விற்கப்படவில்லை, உரிமம் மட்டுமே வழங்கப்படுகிறது என்பது ஒன்று. ஆப்பிள் பெயர் தாங்கிய கணினி அல்லாத எதிலும் நிறுவவோ இயக்கவோ மாட்டேன், மற்றவர்கள் அப்படிச் செய்யவும் உதவமாட்டேன் என்பது இரண்டாவது. நிபந்தனையை மீறினால் உரிமம் தானாகவே முடிந்துபோகும் என்பது மூன்றாவது. "மற்றவர்கள் அப்படிச் செய்ய உதவமாட்டேன்" என்ற பகுதியைப் பையனிடம் ஒருமுறை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது வரிதான் ஆழமானது. உரிமம் முடிந்துவிட்டால், அதன் பிறகு கணினியை இயக்கும் ஒவ்வொரு முறையும் அனுமதியில்லாத நகல் ஒன்று உண்டாகிறது. வட்டிலிருந்து நினைவகத்துக்கு நிரல் ஏறுவதும் நகலெடுப்புதான்; தற்காலிகமான நகலையும் நம் சட்டம் நகலாகவே கொள்கிறது. ஆக, "நான் எதையும் நகலெடுக்கவில்லை, பயன்படுத்த மட்டுமே செய்கிறேன்" என்ற வாதம் கணினி நிரல்களைப் பொறுத்தவரை நிற்காது.

எதிர்வாதமே இல்லை என்று சொல்லமாட்டேன். 2021 நவம்பர் 21 அன்று நடப்புக்கு வந்த நம் புதிய பதிப்புரிமைச் சட்டம் பயனாளருக்குச் சில நல்ல கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறது. காப்பு நகல் எடுப்பது, நிரல் எப்படி இயங்குகிறது என்று கூர்ந்து பார்த்துக் கற்றுக்கொள்வது போன்ற சில உரிமைகளை எந்த ஒப்பந்த வரியாலும் பறிக்க முடியாது. நியாயமான பயன்பாடு என்ற பொது விலக்கும் உண்டு; பயன்பாட்டின் நோக்கம், படைப்பின் தன்மை, எடுத்த அளவு, உரிமையாளரின் சந்தைக்கு ஏற்படும் பாதிப்பு ஆகிய நான்கையும் நீதிமன்றம் எடை போடும். ஒரு மாணவன் தன் அறையில், கற்றுக்கொள்வதற்காக, ஒரே ஒரு கணினியில் செய்து பார்த்தான் என்றால் அந்த எடைத்தட்டில் அவன் பக்கம் வைக்க ஏதாவது இருக்கும். முழு இயங்குதளத்தையும் எடுத்து, அதன் மேல் ஒரு தொழிலை நடத்தி, மாதாமாதம் வருமானம் பார்ப்பவருக்காக அந்தத் தட்டில் நான் எதை வைப்பது?

யாருக்கு அபாயம் அதிகம் என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான். பையன் ஏதோ தவறு செய்துவிட்டான், நாம் பயன்படுத்துபவர்தானே என்று நீங்கள் நினைக்கிறீர்கள். இதுவரை நடந்தவற்றைப் பார்த்தால், சட்டத்தின் முன் வலுவிழந்து நிற்பவர் நீங்கள்தான். வீட்டுப் பயன்பாடு பெரும்பாலும் ஆப்பிளுக்கும் பயனாளருக்கும் இடையிலான உரிமையியல் விவகாரம். ஆனால் பதிப்புரிமை மீறல் வேண்டுமென்றே செய்யப்பட்டு, அதுவும் வணிக ஆதாயத்துக்காகச் செய்யப்பட்டால், சிங்கப்பூரில் அது குற்றம். முதல் தடவைக்கே 20,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க இடமுண்டு. அலுவலகக் கணினிகளில் உரிமமில்லாத மென்பொருள் வைத்திருந்ததற்காக உள்ளக வடிவமைப்பு நிறுவனம் ஒன்று 2006இல் இங்கே 30,000 வெள்ளி அபராதம் கட்டியது. அது எதையும் விற்கவில்லை. தன் வேலைக்குப் பயன்படுத்தியது, அவ்வளவுதான். உரிமையியல் வழக்கிலும், நட்டத்தை வெள்ளி கணக்கில் நிரூபிக்காமலேயே ஒரு படைப்புக்கு 10,000 வெள்ளி வரை சட்டமுறை இழப்பீடு கேட்க உரிமையாளருக்கு வழி இருக்கிறது.

நாளைக்கே காவல்துறை உங்கள் கதவைத் தட்டும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது உங்களைப் பயமுறுத்துவதாகிவிடும், அது என் வேலையல்ல. நீங்கள் எனக்குக் கடிதம் எழுதிய நாள் வரை "தெரியாமல் செய்தேன்" என்று உங்களால் ஓரளவு சொல்ல முடிந்தது. என் பதிலைப் படித்த பிறகு அந்தச் சொல்லுக்கு மதிப்பு இருக்காது. "வேண்டுமென்றே" என்ற சொல்லுக்கு எதிரான உங்கள் காப்பு இனிமேல் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது.

பையனின் வியாபாரத்துக்கு வருகிறேன். இதில் நான் தயங்காமல் சொல்கிறேன்: இன்றே நிறுத்துங்கள்.

அவன் செய்ய நினைப்பதை முன்பே ஒரு நிறுவனம் பெரிய அளவில் செய்து பார்த்துவிட்டது. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் சைஸ்டார் என்ற சிறு நிறுவனம் 2008 ஏப்ரலில், ஆப்பிள் அல்லாத கணினிகளில் மேக் ஓஎஸ் எக்ஸ் (மேக்ஓஎஸின் அன்றைய பெயர்) நிறுவி விற்கத் தொடங்கியது. அவர்கள் இயங்குதளத்தின் வட்டுகளைக் கடையில் காசு கொடுத்து வாங்கினார்கள். விற்ற கணினியோடு ஒரு வட்டையும் சேர்த்தே கொடுத்தார்கள். "வாங்கிய பொருளை எங்கே வேண்டுமானாலும் பயன்படுத்துவோம்" என்பது அவர்கள் வாதம். உங்கள் நிலையைவிட அவர்கள் நிலை வலுவானது என்பதைக் கவனியுங்கள், ஏனென்றால் அவர்கள் உண்மையிலேயே விலை கொடுத்திருந்தார்கள். ஆப்பிள் அதே ஆண்டு ஜூலையில் வழக்குத் தொடுத்தது. 2009 நவம்பரில் நீதிபதி வில்லியம் ஆல்சப் ஆப்பிளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். ஒரு மூலப் பிரதியிலிருந்து பல கணினிகளுக்கு நகலெடுத்தது, நிரலை மாற்றியமைத்தது, பாதுகாப்புப் பூட்டைத் தாண்டியது என ஒவ்வொன்றும் தனித்தனி மீறல் என்றார். "தன் கணினியில் மட்டும் என்று கட்டுப்படுத்துவது பதிப்புரிமையைத் தவறாகப் பயன்படுத்துவதாகும்" என்று சைஸ்டார் மேல்முறையீட்டில் வாதாடியது. 2011 செப்டம்பரில் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதையும் ஏற்கவில்லை. ஆப்பிளின் உரிமம் வேறு எவரும் தங்களுக்கென ஓர் இயங்குதளத்தை உருவாக்குவதைத் தடுக்கவில்லையே என்பது அதன் காரணம். மறு ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது.

அமெரிக்கத் தீர்ப்பு நம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் ஆப்பிளின் வழக்கறிஞர் இங்கே எழுந்து நின்றால் முதலில் எடுத்து வைக்கும் தாள் அதுவாகத்தான் இருக்கும். அதில் உள்ள பூட்டு பற்றிய பகுதியை நம் நீதிபதிகளும் எளிதில் பின்பற்ற முடியும். அமெரிக்காவுடன் 2003இல் கையெழுத்தான தடையற்ற வர்த்தக உடன்பாட்டின் விளைவாக, தொழில்நுட்பப் பாதுகாப்பு ஏற்பாடுகளைத் தாண்டுவதற்கு எதிரான விதிகளை நாமும் நம் சட்டத்தில் சேர்த்திருக்கிறோம்.

அந்தப் பூட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பையன் அதைத் திறந்துதான் உங்கள் கணினியை எழுப்பியிருக்கிறான். ஆப்பிள் 2005இல் இன்டெல் சில்லுக்கு மாறுவதாக அறிவித்து, 2006 ஜனவரியில் முதல் இன்டெல் மேக்கை வெளியிட்டது. அதுவரை மேக்கின் உள்ளுறுப்பும் மற்றக் கணினியின் உள்ளுறுப்பும் வேறு வேறு. அதற்குப் பின் இரண்டும் ஒரே இனமாகிவிட்டன. சிம் லிம்மில் கிடைக்கும் பலகையும் சில்லும் மேக்குக்குள் இருப்பவற்றுக்கு மிக நெருக்கம். ஆகவே ஆப்பிள், முக்கியமான சில நிரல்களை மறையாக்கம் செய்து வைத்தது. அவற்றைத் திறக்கும் திறவுகோல் உண்மையான மேக்கில் மட்டும் இருக்கும் ஒரு தனிச் சில்லில் இருந்தது. அந்தப் பூட்டைக் காக்கும் கோப்புக்கு ஆப்பிள் வைத்த பெயரே "மேக் ஓஎஸ் எக்ஸைத் திருடாதீர்கள்" என்ற பொருள் தருவது. ஹாக்கின்டாஷ் என்று இந்தத் துறையினர் சொல்லும் கணினிகளில், அந்தச் சில்லு இருப்பது போலவே இயங்குதளத்திடம் பாவனை செய்யும் ஒரு சிறு நிரலைச் சேர்ப்பார்கள். கணினி எழும்போது இயங்குதளத்தை ஏற்றிவைக்கும் ஓப்பன்கோர் என்ற தொடக்க ஏற்றியும் அதனுடன் வரும். கூடவே ஒரு மேக்கின் தொடர் எண் போலத் தோன்றும் எண் ஒன்றையும் உருவாக்கிக் கொடுப்பார்கள். இதையெல்லாம் நான் மதிப்போடுதான் சொல்கிறேன். 19 வயதில் இதைச் செய்து முடிப்பது லேசான காரியமல்ல. இரவு இரவாக உட்கார்ந்து பிழை தேடியிருப்பான். ஆனால் "இது தற்செயலாக இயங்கிவிட்டது" என்று அவனால் ஒருபோதும் சொல்ல முடியாது என்பதும் அதே காரணத்தால்தான்.

ஆப்பிள் ஏன் இவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்று அவன் கேட்டால், 1995 முதல் 1997 வரை நடந்ததைச் சொல்லுங்கள். அப்போது ஆப்பிளே பவர் கம்ப்யூட்டிங், யூமேக்ஸ், மோட்டோரோலா போன்ற நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்து, அவர்கள் கணினியிலும் தன் இயங்குதளத்தை ஓடவிட்டது. சந்தை விரியும் என்று எதிர்பார்த்தார்கள். விரியவில்லை. புதியவர்கள் ஆப்பிளின் வாடிக்கையாளரையே குறைந்த விலையில் கவர்ந்தார்கள். 1997இல் திரும்பி வந்த ஸ்டீவ் ஜாப்ஸ் அந்த ஏற்பாட்டை முடித்துவைத்தார். பவர் கம்ப்யூட்டிங்கின் மேக் தொழிலை வாங்கிக்கொள்ளவே ஏறத்தாழ 10 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகள் செலவாயின. கணினியை விற்று மென்பொருளுக்குச் செலவு செய்யும் நிறுவனத்துக்கு, மென்பொருள் தனியே வெளியே போவது என்னவாக இருக்கும் என்பதை அந்த இரண்டு ஆண்டுகள் காட்டின. என்னைக் கேட்டால், தன் அறையில் தானே கணினி அமைத்துப் பழகும் மாணவனிடம் சட்டம் இன்னும் தாராளமாக இருக்கலாம். அதை நான் பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்தத் தாராளத்தை விற்பனைக்கு வைக்கும் கடைக்காரருக்கும் கேட்க எனக்கு மனம் வராது.

கணினிப் பெட்டியின் முகப்பில் பையன் ஒரு ஆப்பிள் ஒட்டுப்படம் ஒட்டியிருக்கிறானா? இதைச் செய்த பலரை நான் பார்த்திருக்கிறேன். பழைய மேக் பெட்டிகளுக்குள் அந்தப் படங்கள் வரும். "ஆப்பிள் பெயர் தாங்கிய கணினி என்றுதானே ஒப்பந்தம் சொல்கிறது, இதோ தாங்கியிருக்கிறது" என்பார்கள். நீதிமன்றம் சொற்களை அவற்றின் இயல்பான பொருளில்தான் எடுத்துக்கொள்ளும். ஆப்பிள் தன் பெயரில் வெளியிட்ட கணினி என்பதே அதன் பொருள். அதைவிட முக்கியம், விற்பனைக்குப் போகும் பெட்டியில் அந்தப் படம் இருந்தாலோ, விளம்பரத்தில் "மேக்" என்று எழுதினாலோ, வர்த்தக முத்திரைச் சட்டமும் உள்ளே வரக்கூடும். போலி முத்திரையோடு பொருள் விற்பதற்கு அந்தச் சட்டத்தில் ஐந்தாண்டு வரை சிறைக்கு இடமுண்டு. ஒட்டியிருந்தால் இன்றைக்கே உரித்தெடுக்கச் சொல்லுங்கள்.

அடுத்து நான் சொல்லப்போவதை நீங்கள் கேட்கவே இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்தபோது என்னை மிகவும் உறுத்தியது இதுதான். அந்தக் கணினிக்குள் மற்றவர்களின் திருமணங்கள் இருக்கின்றன.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு வடிவமைப்பாளர், அவர் அனுமதியோடு சொல்கிறேன், இதேபோன்ற கணினியில் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தார். ஒருநாள் இயங்குதளம் புதுப்பிக்கச் சொன்னது, அவர் சரி என்று அழுத்தினார். கணினி மறுபடி எழவில்லை. மறுநாள் காலை அச்சகத்துக்குப் போக வேண்டிய சிறப்பு மலர் ஒன்று அதற்குள் இருந்தது. அமைத்துக் கொடுத்த இளைஞர் தேசிய சேவை (கட்டாய ராணுவச் சேவை) முகாமில் இருந்தார். வார இறுதி வரை வெளியே வர முடியாது. முறையான கணினி என்றால் கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடலாம். இதை எந்தச் சேவை நிலையத்துக்குக் கொண்டுபோவது? என்ன என்று சொல்வது? கோப்புகள் கடைசியில் மீண்டன, வாடிக்கையாளர் மீளவில்லை. உங்கள் அக்காள் மகனுக்கும் முகாமுக்குப் போகும் நாள் தொலைவில் இல்லை.

இன்னொன்று. இப்படிப்பட்ட கணினிகளை எழுப்புவதற்காக, இயங்குதளத்தின் உள்ளார்ந்த பாதுகாப்பு அரண்கள் சிலவற்றைத் தளர்த்திவைப்பது வழக்கம். வீட்டில் விளையாடுவதற்கு அது போதும். ஆனால் நீங்கள் தொழில் செய்பவர். மணமக்களின் முகங்கள், குழந்தைகளின் படங்கள், விருந்தினர் பட்டியல், தொலைபேசி எண்கள் ஆகியவை 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உங்கள் பொறுப்பு. சொந்த, குடும்பத் தேவைக்காகத் தகவல் வைத்திருப்பவருக்கு உள்ள விலக்கு, வீட்டிலிருந்தே என்றாலும், தொழில் நடத்துபவருக்குக் கிடையாது. அந்தத் தகவலைக் காக்க நியாயமான ஏற்பாடு செய்ய வேண்டியது உங்கள் கடமை. ஒரு நாள் அந்தக் காணொளிகள் வெளியே கசிந்து, "உங்கள் கணினியில் பாதுகாப்பு ஏற்பாடு என்ன?" என்று யாராவது கேட்டால், அவற்றைத் தளர்த்திவைத்திருந்தோம் என்று பதில் சொல்ல நேரக்கூடாது.

போகட்டும், இந்தப் பாதையே முடியப்போகிறது. ஆப்பிள் 2020 நவம்பரில் தன் சொந்த எம்1 சில்லோடு கணினிகளை வெளியிடத் தொடங்கியது. இன்டெல் மேக்குகளுக்கான கடைசிப் பெரிய பதிப்பு டாஹோ, அதாவது மேக்ஓஎஸ் 26, என்று 2025 ஜூனில் அறிவித்துவிட்டது. அதற்குப் பிந்தைய பதிப்புகள் ஆப்பிளின் சில்லைத்தான் கேட்கும். அதை சிம் லிம் கடையில் தனியாக வாங்க முடியாது. பையன் இன்று இருவருக்கு விற்கும் கணினி புதிய பதிப்புகளைப் பார்க்கப்போவதில்லை. அதைச் சொல்லாமல் விற்றால் அவன் அவர்களுக்கு உண்மையாக நடந்துகொள்ளவில்லை. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், இது எனக்குச் சரியாகப் படவில்லை.

இனி என்ன செய்யலாம் என்று பார்ப்போம். பதற்றத்தில் இன்றிரவே வட்டை அழித்துவிடாதீர்கள், அதிலுள்ள காணொளிகள் வாடிக்கையாளருடையவை. ஃபைனல் கட் நூலகங்கள் அனைத்தையும் வெளிவட்டு ஒன்றுக்கு நகலெடுத்து, முடிந்தால் இரண்டாவது வட்டுக்கும் எடுத்து, வேறொரு இடத்தில் வையுங்கள். பிறகு முறையான மேக் ஒன்றை வாங்குங்கள். உங்கள் வேலைக்கு விலையுயர்ந்த மாதிரி தேவையில்லை. எம்4 சில்லோடு 2024இல் வந்த மேக் மினி அமெரிக்காவில் 599 டாலரில் தொடங்கியது. திரையும் விசைப்பலகையும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. 2020இல் வந்த எம்1 மேக் மினியை, நல்ல நிலையில் உள்ள பழைய பொருளாக வாங்கினாலும், திருமணக் காணொளிக்குப் போதும். வாங்கும்போது முந்தைய உரிமையாளர் தன் ஆப்பிள் கணக்கிலிருந்து அதை விடுவித்துவிட்டாரா என்று அவர் முன்னிலையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஃபைனல் கட் ப்ரோவுக்கு மறுபடி செலவில்லை. உங்கள் கணக்கில் வாங்கியதை உங்கள் புதிய மேக்கில் பதிவிறக்கிக்கொள்ளலாம். காசு கொடுத்து வாங்கியதன் பலன் அங்கேதான் கிடைக்கும்.

மேக் வாங்க இப்போது கை நெருக்கமாக இருந்தால், அதே கணினியில் விண்டோஸ் நிறுவி, டாவின்சி ரிசால்வ் என்ற காணொளித் தொகுப்பு மென்பொருளைப் பயன்படுத்துங்கள். அதன் இலவசப் பதிப்பே உங்கள் தொழிலுக்குப் பெரும்பாலும் போதுமானது. ஃபைனல் கட்டில் பாதியில் நிற்கும் வேலைகளை எக்ஸ்எம்எல் கோப்பாக ஏற்றுமதி செய்து அங்கே திறக்க முடியும். தலைப்பு எழுத்துகளும் சில விளைவுகளும் அப்படியே வராது, அவற்றுக்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். ஏற்றுமதியை நண்பர் யாருடைய மேக்கிலாவது செய்யுங்கள். இந்த வழியில் பையன் பூட்டிய கணினி வீணாகாது. அது நல்ல கணினி. குறை அதில் ஏற்றிய இயங்குதளத்தில் மட்டும்தான்.

பையன் இன்னொரு வழியும் கேட்பான், ஆகவே முன்கூட்டியே சொல்கிறேன். விண்டோஸ் கணினிக்குள் ஒரு மெய்நிகர் கணினியை, அதாவது மென்பொருளாலேயே ஆன கணினியை, உண்டாக்கி அதில் மேக்ஓஎஸ் ஓட்டினால் என்ன என்பான். அதுவும் அதே மீறல்தான். கூடுதலாக இரண்டு மெய்நிகர் பிரதிகள் வரை உரிமம் அனுமதிக்கிறது, ஆனால் நீங்கள் வைத்திருக்கும் ஆப்பிள் கணினிக்குள் மட்டும். இதைத் திருப்பிப் போட்டால், அதாவது மேக்கில் லினக்ஸ் என்ற திறந்த மூல இயங்குதளத்தை ஓட்டினால், எந்தச் சட்டச் சிக்கலும் இல்லை. லினக்ஸ் எந்தப் பெட்டி என்று கேட்பதில்லை.

அவனைத் திட்டாதீர்கள். "சித்திக்கு உதவலாம் என்றுதானே செய்தேன்" என்பான், அது உண்மையும்கூட. அவன் கைவேலைக்கு இங்கே நேரான இடங்கள் இருக்கின்றன. கைவிடப்பட்ட மடிக்கணினிகளைப் பழுதுபார்த்து வசதி குறைந்த குடும்பங்களுக்குக் கொடுக்கும் எஞ்ஜினியரிங் குட் போன்ற அமைப்புகள் தொண்டூழியர்களை வரவேற்கின்றன. ஓர் இயங்குதளம் வன்பொருளை எப்படி அடையாளம் காண்கிறது, அடிநிலை நிரல் அதனிடம் என்ன பேசுகிறது என்றெல்லாம் அவன் கற்றுக்கொண்டதை லினக்ஸ் உலகில் யாரிடமும் மறைக்காமல் காட்டலாம். வேலைக்கான நேர்முகத்தில் பெருமையோடு சொல்லவும் செய்யலாம்.

அந்த 600 வெள்ளியை இந்த வாரத்துக்குள் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். குறுஞ்செய்தியில் எழுத்தாகவே சொல்லட்டும்: "ஆப்பிள் அல்லாத கணினியில் மேக்ஓஎஸ் நிறுவிக் கொடுக்க உரிமம் இல்லை என்று தெரிந்துகொண்டேன், முன்பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன்." அந்தச் செய்தியை அழிக்காமல் வைத்திருக்கட்டும். அதன் பிறகும் அவர்களுக்கு வேகமான கணினி வேண்டுமென்றால், அதே உதிரிப்பாகங்களில் விண்டோஸோ லினக்ஸோ ஏற்றிப் பூட்டிக் கொடுக்கலாம். விண்டோஸ் என்றால் உரிமத்தை வாங்குபவர் பெயரிலேயே, நம்பகமான கடையில் வாங்கி, உதிரிப்பாகங்களின் ரசீதுகளோடு அந்த ரசீதையும் அவர் கையில் கொடுத்துவிட்டு, தன் உழைப்புக்கான கூலியைத் தனியாக எழுதி வாங்கிக்கொள்ளட்டும்.